நல்லப்பன் பெயரை எங்கே போடுவது

நாமக்கல் கடையில் என் இடத்துக்கு வரப்போகும் உங்கள் இருவருக்காகவும் இதை எழுதுகிறேன். பணி அனுபவம் எழுதுகிறவர்கள் பொதுவாக ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். எனக்கு இன்னும் முப்பத்தைந்து ஆகவில்லை. கொஞ்சம் நரை உண்டு, அதற்குக் காரணம் என் மகள் யாழினி. கணவருக்கு அயோத்தியாப்பட்டணம் பக்கம் வேலை மாறிவிட்டது, வீட்டைக் காலி செய்கிறோம். அதனால்தான் கடையை விட்டுப் போகிறேன்.

துணி மடிப்பது, பில் போடுவது, ஆன்லைன் பார்சல் கட்டுவது எல்லாம் காட்டிவிட்டேன். அவை ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். வராத விஷயம் ஒன்று இருக்கிறது. அதை எழுதலாமா என்று முதலாளியம்மாவிடம் கேட்டேன். "நீங்களே பாத்து எழுதுங்க" என்றார். மேடம் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது. அவர் நம்பிக்கையோடுதான் சொல்கிறார். எனக்குத்தான் அதைக் கேட்டதும் தப்பு செய்துவிடுவேனோ என்று இருக்கும். உங்களுக்கும் அப்படி இருந்தால் பயப்பட வேண்டாம், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நம் கடையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். இங்கே ஒரு சேலையோ சுடிதாரோ விற்றால், ஒரு பள்ளிக் குழந்தைக்குப் புதுத் துணி ஒன்று போகும். பெங்களூரில் இருந்து ஆர்டர் போடுகிறவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும். "சூப்பர்" என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் பணத்தை அனுப்பிவிடுவார்கள். கடைக்கு நேரில் வருகிறவர்கள் அப்படி விடமாட்டார்கள். தானம் என்றால் அவர்களுக்கு ஆயிரம் கேள்வி உண்டு.

நான் சேர்ந்த புதிதில் ஓர் அக்கா சுடிதார் எடுத்தார். வழக்கத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல காரியமுங்க. அந்த ஒண்ணை எங்க பாப்பாவுக்கே குடுத்துருங்க. நாங்களும் கஷ்டப்பட்டு வந்தவிங்கதானுங்க" என்றார். அவர் காரில் வந்திருந்தார். நான் கெங்கவல்லிக்காரி. எங்கள் பக்கத்தில் ஒருவர் கோபமாக இருக்கிறாரா அன்பாக இருக்கிறாரா என்று பேச்சிலேயே தெரிந்துவிடும். இங்கே திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுகிறார்கள். அந்த அக்கா கேலி செய்கிறாரா, உண்மையாகவே கேட்கிறாரா என்று எனக்கு இன்று வரை தெரியாது. பாப்பாவுக்கு ஒரு ரிப்பன் கொடுத்து அனுப்பினேன். கொடுத்தது சரியா என்று அன்று முழுக்க யோசித்தேன்.

இனி சொல்ல வந்த விஷயம்.

போன வருடம் கடையில் விற்பனை மந்தம். மேடமோ அதற்கு முன்பே, ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியைக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஆண்டு விழாவுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் புதுத் துணி என்று. பிள்ளைகளுக்கும் சொல்லியாகிவிட்டது. விற்றால்தான் கொடுக்க முடியும், விற்பனையோ இல்லை. நான் தினமும் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கதவு வழியாகத்தான் பரமத்தி வேலூரில் இருந்து ராசாமணி அம்மா வந்தார். கூடவே அவருடைய வீட்டுக்காரரின் அக்கா, பாவாயி அம்மா. ராசாமணி அம்மாவின் மகனுக்குக் கல்யாணம். சொந்தத்தில் இருக்கும் பெண்களுக்கெல்லாம் சேலை எடுத்துக் கொடுக்க வேண்டும். வெற்றிலைத் தோட்டம், வாழை என்று வசதியான குடும்பம். சேலத்துப் பெரிய கடைகளை விட்டுவிட்டு இங்கே ஏன் வந்தார்கள் என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"வாரவ சொல்லிப்போட்டா அம்மிணி" என்றார் ராசாமணி அம்மா. மருமகளாக வரப்போகிற பெண்ணைச் சொன்னார். "துணி எடுத்தா நாலு பேருக்கு ஒதவற கடையிலதான் எடுக்கோணுமாமா. பெங்களூர்ல வேலைக்குப் போறவ. என்னத்தச் சொல்றது."

"ஊட்டுக்குள்ள வாரதுக்கு முன்னாலயே சட்டம் போடறா. பேஷாக் குடும்பம் நடத்துவா" என்றார் பாவாயி அம்மா.

"உங்களுக்குப் புடிக்கலீன்னா இப்பவே சொல்லிருங்க நங்கை." கணவரின் அக்காவை அவர் அப்படித்தான் கூப்பிட்டார்.

"நா எங்க புடிக்கலீன்னேன்? எனக்கு இந்தப் பச்சை புடிச்சிருக்குது."

பச்சை, மாம்பழ நிறம், மெரூன் என்று கேட்டுக்கொண்டே போனார்கள். மடித்து வைத்த சேலைகள் எல்லாம் தரைக்கு வந்தன. மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த ஒரு ஆர்டர் போதும், பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையும் விடுபடாது. உடனே பயம் வந்தது. நல்லது நடக்கும்போதும் எனக்குப் பயம்தான்.

எல்லாம் முடிந்து ஆர்டர் எழுதப் போகும்போது ராசாமணி அம்மா கேட்டார். "அந்தப் புள்ளைங்களுக்குக் குடுக்கற துணியில எங்க பேரு எங்க வரும்?"

"எந்தப் பேரும்மா?" என்றேன்.

"உபயமுன்னு போடோணுமல்லொ. கோயில்ல ட்யூப் லைட்டுக்கே போடறோம்."

நம் கடையில் மேடத்துக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. மற்றதெல்லாம் அவருக்கு விட்டுக்கொடுக்கத் தெரியும். குழந்தைக்குக் கொடுக்கும் துணி, கடையில் விற்கும் துணி மாதிரியே இருக்க வேண்டும். ஒரு குறி, ஒரு சீட்டு, ஒரு எழுத்து இருக்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை 'இது உனக்கு சும்மா குடுத்ததுதானே' என்று சொல்ல வழி வைக்கக் கூடாது என்பார். வேலைக்குச் சேர்ந்த அன்றே என்னிடம் சொன்னது இது.

அதை நான் சொல்லியிருக்க வேண்டும். "ஒரு நிமிஷம்மா" என்றுதான் வாயில் வந்தது. உள்ளே போய் மேடத்துக்குப் போன் அடித்தேன். அவர் கொச்சியில் ஒரு கண்காட்சியில் இருந்தார். இரைச்சலுக்கு நடுவே பாதி கேட்டுவிட்டு, "நீங்களே பாத்துக்கங்க" என்று வைத்துவிட்டார்.

திரும்பி வந்தேன். முடியாது என்றால் ஆர்டர் போய்விடும், பிள்ளைகளுக்குத் துணி இல்லை. சரி என்றால் துணி உண்டு, ஆனால் பிள்ளைகள் அத்தனை பேர் முதுகிலும் உபயம் என்று எழுதியிருக்கும். இரண்டில் எதைச் சொன்னாலும் இரவு தூக்கம் வராது என்று தெரிந்தது. எனவே இரண்டையும் சொல்லவில்லை.

"ஒண்ணு மாதிரிக்கு அச்சடிச்சுப் பாக்கலாம்மா" என்றேன்.

தங்கைகளே, இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முடியாது என்று சொல்லத் தைரியம் இல்லாதபோது மாதிரி போட்டுக் காட்டுங்கள். பல யோசனைகள் வாயில் இருக்கும் வரைதான் நன்றாக இருக்கும்.

என்ன அச்சடிப்பது என்பதில் அங்கேயே சண்டை வந்தது. உபயம் ராசாமணி என்று போட்டால் போதும் என்றார் ராசாமணி அம்மா.

"உன்ற பேரு மட்டும் போட்டா, தோட்டம் உங்கொப்பன் ஊட்டுல இருந்து வந்துச்சா? எங்கய்யன் சம்பாரிச்சது. எங்கய்யன் பேருதான் வரோணும்" என்றார் பாவாயி அம்மா.

அய்யன் என்றது அவருடைய அப்பாவை, அதாவது ராசாமணி அம்மாவின் மாமனாரை. அவர் தவறி வெகு காலம் ஆகிறது. கடைசியில் மூன்று வரி என்று முடிவானது. முதலில் பரமத்தி வேலூர். அப்புறம் அமரர் நல்லப்பன் நினைவாக என்று பெரிய எழுத்தில். கடைசியில் இரண்டு பெண்கள் பேரும், ஒரே அளவு எழுத்தில். ஒரே அளவா என்பதைப் பாவாயி அம்மா என்னிடம் மூன்று தடவை உறுதி செய்துகொண்டார்.

கல்யாணத் தாம்பூலப் பைக்குப் பேர் அச்சடிக்கிற அண்ணன் ஒருவர் நம் தெருவிலேயே இருக்கிறார். ஐந்து வயதுப் பிள்ளை போடுகிற கவுன் ஒன்றைக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார், மறுபடி திருப்பினார்.

"ஏனுங்க மேடம், இது முதுகா பஸ் டிக்கெட்டா? மூணு வரி எங்க நிக்கும்? பெரிய எழுத்து வேற வேணுங்கறீங்க. இடுப்புல சுருக்கம் இருக்குது, அங்க மை புடிக்காது. கீழ பாவாடைப் பக்கம்தான் எடம் இருக்குது."

"அப்ப அங்கயே போட்டுடுங்கண்ணா" என்றேன். இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று நினைத்தேன். நான் யோசிக்காமல் செய்கிற காரியம் வருடத்துக்கு ஒன்று இருந்தால் அதிகம். அந்த வருடத்துக்கு இதுதான்.

மாதிரி பார்க்க இரண்டு பேரும் மறுபடி வந்தார்கள். யாழினி அப்போது எல்.கே.ஜி. மதியத்தோடு பள்ளி முடிந்துவிடும், அதன்பின் கடையில்தான் இருப்பாள். "போட்டுப் பாத்தாத்தான அம்மிணி தெரியும்" என்று ராசாமணி அம்மா சொன்னதால் அவளுக்கே அந்தக் கவுனை மாட்டிவிட்டேன். அவளுக்குக் கொஞ்சம் பெரிதுதான். அமரர் நல்லப்பன் பின்பக்கம் கறுப்பு மையில் பளிச்சென்று இருந்தார்.

"திரும்பு சாமி. அய்யோ, எழுத்து எத்தன அழகா வந்திருக்குது பாருங்க நங்கை" என்றார் ராசாமணி அம்மா.

பாவாயி அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அப்பாவின் பேரைப் படித்ததும் முகம் இளகிவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனி எப்படி வேண்டாம் என்று சொல்வது?

யாழினி கொஞ்ச நேரம் பொறுமையாக நின்றாள். பெரியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவள் தரையில் சப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

பாவாயி அம்மா படிப்பதை நிறுத்தினார்.

நான் பதறிப்போய் அவளைத் தூக்கி நிறுத்தினேன். தரையில் நூலும் தூசியும் கிடக்கும், உங்களுக்குத் தெரியும். எந்த அம்மாவும் செய்வதைத்தான் செய்தேன். பின்பக்கம் ஒட்டிய தூசியைப் பட், பட், பட் என்று தட்டிவிட்டேன்.

"அம்மிணி" என்றார் பாவாயி அம்மா. குரல் மிக மெதுவாக இருந்தது. "எங்கய்யன அடிக்கறியா?"

என் கை அப்படியே நின்றது.

"இல்லம்மா, தூசி."

"தூசியா இருந்தா என்ன? பேரு அங்கதான இருக்குது?"

"இதுக்கு மேலதான் ஒக்காருமா புள்ளைங்க எல்லாம்?" என்றார் ராசாமணி அம்மா.

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. எது எது தப்பாகப் போகும் என்பதை இரவெல்லாம் படுத்து யோசிக்கிற ஆள் நான். கேட்டதும் எல்லாம் கொட்டிவிட்டது.

"உக்காருவாங்கம்மா. சறுக்கு மரத்துல சறுக்குவாங்க. சத்துணவு சாப்புட்டுட்டு அதுலயே கை தொடைப்பாங்க. வீட்டுல கல்லுல அடிச்சுத் தொவைப்பாங்க. சின்னப் புள்ளைங்க சில சமயம் பாத்ரூம் போறதுக்குள்ள, அது வந்து, முடியாமப் போயிடும். ஒரு வருஷத்துல பத்தாமப் போயிடும். அப்பறம் அடுப்புல பாத்திரம் எறக்கற துணியா எடுத்துப்பாங்க. அப்பறம் தரை தொடைப்பாங்க."

"தரையா?"

"அதுவும் பழசானா வண்டி தொடைப்பாங்கம்மா. எங்க வீட்டுல அப்படித்தான்."

யாழினி என்னையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன வண்டி?" என்றார் பாவாயி அம்மா.

"டூ வீலர்."

அவர் எழுந்துவிட்டார். ராசாமணி அம்மாவும் எழுந்தார். "ஊட்டுல கலந்து பேசிச் சொல்றோமுங்க" என்று ராசாமணி அம்மா சொன்னார், கிளம்பினார்கள். அவருடைய அந்த 'ங்க'வைக் கேட்டதும் ஆர்டர் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். அதுவரை என்னிடம் பேசும்போது அவர் 'ங்க' போட்டதே இல்லை.

அவர்கள் ஊருக்குப் போகக் கரூர் பஸ் ஏறியிருக்கக்கூட மாட்டார்கள், பள்ளிக்கூடத்தில் இருந்து தலைமையாசிரியை போன் செய்தார். "ஒண்ணாங்கிளாஸ் பசங்க தெனமும் கேக்குறாங்கம்மா. வந்துடும் இல்ல?"

"வந்துடும் டீச்சர்" என்றேன். அதைச் சொன்ன பிறகு மாலை வரை நான் யாழினிக்கு மாட்டிய கவுனில் இருந்த மையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அது போகவில்லை. இதே அண்ணன் நம் கடைப் பைக்கு அடித்த மை மட்டும் இரண்டாம் தண்ணீரிலேயே போய்விடுகிறது.

அன்று இரவு கணவரிடம் சொல்லிப் புலம்பினேன். "டூ வீலர் வரைக்கும் போயிருக்க வேண்டாம். தரையோட நிறுத்தியிருக்கலாம்" என்றார். உதவியாக ஏதாவது சொல்லுங்கள் என்றேன். தூங்கிவிட்டார்.

மறுநாளும் போன் இல்லை. நானாகவே பேசிப் பார்க்கலாமா, பேசினால் கெஞ்சுவது போல இருக்குமா, பேசாவிட்டால் திமிர் போல இருக்குமா என்று போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அதற்கு அடுத்த நாள் காலை, கடை திறக்கும்போது, ராசாமணி அம்மாவே கூப்பிட்டார்.

"அம்மிணி, பேரு கீரு ஒண்ணும் வேண்டாம். நங்கை ரெண்டு நாளாத் தூங்கல. எங்க ஊட்டுக்காரரு வண்டியப் பழைய துணியில தொடைச்சாரு, அதப் போயிப் புடுங்கி எதுனாச்சும் எழுதியிருக்குதான்னு பாக்கறாங்க."

"சரிம்மா" என்றேன்.

"சேலை எல்லாம் சொன்னபடி அனுப்பிரு. ஆனா ஒண்ணு. புள்ளைங்க போடறத நாங்க பாக்கோணும்."

ஆண்டு விழாவுக்கு வரலாம், பெற்றோர் வரிசையில் உட்காரலாம், மேடைக்கு அழைக்க மாட்டார்கள், பேர் சொல்ல மாட்டார்கள் என்று விளக்கினேன். இந்த முறை ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். "அதெல்லாம் எதுக்கு எங்களுக்கு" என்றார். கொச்சியில் இருந்து திரும்பிய மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். டூ வீலரை மட்டும் விட்டுவிட்டேன். "நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க" என்றார். நான் எதையும் பார்த்துக்கொள்ளவில்லை. என் மகள் கால் வலித்து உட்கார்ந்தாள், நான் பயந்துபோய் உளறினேன், அவ்வளவுதான். ஆனால் உளறியதில் பொய் ஒன்றும் இல்லை. ஒரு துணி கடையை விட்டுப் போனபின் என்னவெல்லாம் ஆகும் என்று கவலைப்படுகிற ஆள் கடையில் ஒருவராவது இருப்பது நல்லது. உங்கள் இருவரில் யாருக்கு அதிகம் பயம் என்று தெரியவில்லை. யாருக்கோ, அவரே கடையின் முன்பக்கம் உட்காரட்டும்.

ஆண்டு விழா அன்று பிள்ளைகள் எல்லாரும் புதுத் துணியில் இருந்தார்கள். நீலக் கவுன், நீலச் சட்டை. எந்தத் துணியிலும் ஒரு எழுத்து இல்லை. ஒரு பையன் சட்டைப் பையில் கடலை மிட்டாய் வைத்து அது உருகியிருந்தது. பாவாயி அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "நல்ல வேளை" என்றார்.

கும்மி, நாடகம், பரிசு எல்லாம் முடிந்து தலைமையாசிரியை நன்றியுரைக்கு வந்தார். பேர் சொல்ல வேண்டாம் என்று நான் அவரிடம் முன்பே திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தேன். அதை அவர் தன் வழியில் மெருகேற்றியிருந்தார்.

"நம் பிள்ளைகளுக்குப் புத்தாடை வழங்கிய அந்த உயர்ந்த உள்ளம் இன்று நம்மிடையே அமர்ந்திருக்கிறது. ஆனால், தன் பெயரை எக்காரணம் கொண்டும் சொல்லவே கூடாது என்று கண்டிப்பாகக் கேட்டுக்கொண்டதால்..."

பாவாயி அம்மா ராசாமணி அம்மாவின் முழங்கையை இடித்தார். "நாம கேட்டுக்கிட்டமா?"

"இல்லியே."

"பின்ன யாரச் சொல்றாங்க? வேற ஆரோ குடுத்தாங்களாட்ட."

ராசாமணி அம்மா எழுந்து நின்றார். நான் சேலையைப் பிடித்து இழுக்கலாமா என்று யோசிப்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"டீச்சருங்க, நாங்க அப்படிக் கண்டிப்பா ஒண்ணும் சொல்லலீங்க. துணியில வேண்டாமுன்னுதான் சொன்னோம். வாயில சொல்லலாமுங்க."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. தலைமையாசிரியை ஒரு நொடி தடுமாறி, "அப்படீன்னா வாங்கம்மா, நீங்களே சொல்லிடுங்க" என்று மைக்கை நீட்டினார். முன்வரிசையில் இருந்த மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் யாழினியின் தலைமுடியைச் சரிசெய்தேன்.

ராசாமணி அம்மா மேடை ஏறி மைக்கைப் பிடித்தார். "இது எங்க மாமனாரு நெனைப்பா குடுத்ததுங்க. அவரு பேரு..." என்று நிறுத்தினார். தொண்டையைக் கனைத்தார். மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்கிற வழக்கம் அவர்கள் குடும்பத்தில் இல்லை. அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளில் இருந்து ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மேடை ஏறிய பிறகுதான் அது அவருக்கே நினைவு வந்திருக்கிறது. நாத்தனாரைப் பார்த்தார். மகள் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் பாவாயி அம்மா முந்தானையை வாயில் வைத்துத் தேம்பிக்கொண்டிருந்தார். முடியாது என்று கையை மட்டும் ஆட்டினார்.

பிள்ளைகள் எல்லாரும் கை தட்டத் தயாராகக் கையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"அம்மிணி" என்று மைக்கிலேயே கூப்பிட்டார். "நீயி வந்து சொல்லு."

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை, வேறு எதைச் சொல்லப் போகிறார்? யாழினியைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போனேன். பரமத்தி வேலூர் அமரர் நல்லப்பன் என்று சொன்னேன். பிள்ளைகள் கூரை அதிரக் கை தட்டினார்கள்.

ராசாமணி அம்மா மைக்கை என் வாயருகே இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

"இன்னொருக்காச் சொல்லு அம்மிணி. பின்னால இருக்கறவிங்களுக்குக் கேக்கல."